கேள்விக்குறி

எங்கள் ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு சங்கீதச் சேமிப்பு உண்டு. ரேடியோ ஒலிபரப்புகள், சபாக் கச்சேரிகள், கல்யாணக் கச்சேரிகள். பெரும்பாலும் கேஸட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றப்பட்டவை. ஐந்து வீட்டில் ஐந்து பிரதி. ஒருவர் தம் பிரதியில் எதைத் திருத்தினாலும் அன்றிரவே மற்ற நான்கிலும் அது திருந்திவிடும். பெயர்களை ஒழுங்குபடுத்துகிற வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். பாங்கில் பகல் முழுதும் செய்கிற காரியம்தான், எது எந்தத் தலைப்பில் விழவேண்டும் என்று பார்ப்பது.

இந்தத் தலைப்புகளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1996-ல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3 ஃபைலின் வாலில் 128 பைட் இடம் ஒட்டவைத்தார். அடையாளத்துக்கு 3, தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருஷத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு 1. வகைகள் 80 என்று பட்டியலும் போட்டார். அதில் போல்கா நடனத்துக்கு ஓர் எண் உண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு இல்லை. 'கிளாஸிகல்', 'எத்னிக்', 'இதர' என்ற மூன்றில் எதில் தியாகையரை உட்காரவைப்பது என்பது அவரவர் சுயமரியாதையைப் பொறுத்த விஷயம். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். செம்மங்குடி என்ற ஊர்ப் பெயருக்கே 33 ஆகிறது. பழைய கட்டத்தில் போட்டால் கடைசிக் கொக்கி உதிர்ந்து 'செம்மங்குட' என்று நிற்கும். 1998-க்குப் பின் வந்த வடிவங்களில் இந்த நெருக்கடி தீர்ந்துவிட்டது. இடம் பெருகிற்று. ஆனால் பெருகியதும் கட்டங்களாகவே பெருகிற்று.

கட்டம் என்பது ஒரு அபிப்பிராயம். 'கலைஞர்' என்று ஒருமையில் ஒரு கட்டம் இருந்தால், கச்சேரி என்பது ஒருவருடைய காரியம் என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. தனி ஆவர்த்தனத்தைத் தனி ஃபைலாக வெட்டி வைத்திருக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் மிருதங்கமும் கடமும் மட்டும்தான். பாடகர் தாளம் போட்டுக்கொண்டு சும்மா இருக்கிறார். ஃபைலின்மேல் அவர் பெயர்தான். திருப்பாவையில் 'இயற்றியவர்' ஆண்டாள். நாம் கச்சேரிகளில் கேட்கிற மெட்டு அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் போட்டது. அவரை எங்கே எழுதுவது? ஆலாபனைக்கு இயற்றியவர் யார்? மியூஸிக்பிரெய்ன்ஸ் என்ற பொதுத் தகவல் தளம் படைப்பு வேறு, பதிவு வேறு, வெளியீடு வேறு என்று நுட்பமாகப் பிரிக்கிறது. காகிதத்தில் எழுதி முடித்தபின் வாசிக்கப்படுகிற சங்கீதத்துக்கு இது பொருந்தும். பாடுகிறபோதே பாதி உண்டாகிற சங்கீதத்தில், படைப்பு எங்கே முடிந்து பதிவு எங்கே தொடங்குகிறது?

இதையெல்லாம் யோசித்தவன்தான் நான். யோசித்துக்கொண்டே, கை பழக்கப்பட்ட வேலையைச் செய்துகொண்டிருந்தது. தோடிக்கு ரோமன் எழுத்தில் 'எச்' உண்டா இல்லையா, சங்கராபரணத்தில் எந்த 'ச' - ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதிவைத்திருந்ததை ஒன்றாக்கினேன். ஒரு ராகம் பட்டியலில் நான்கு ராகமாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அப்படித்தான் ஒரு பாடகரின் பெயர் இரண்டு தடவை வருவதைப் பார்த்தேன். ஒன்று வெறும் பெயர். மற்றது அதே பெயர், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கம்ப்யூட்டருக்கு இரண்டும் வெவ்வேறு ஆள். இரண்டையும் தேர்ந்து, ஒரே பெயராக மாற்றி, பொத்தானை அழுத்தினேன். பட்டியல் சுத்தமாயிற்று.

கேள்விக்குறி போட்டவர் எங்களில் மூத்தவர். கேஸட்டுகளில் பெரும்பாலானவை அவருடையவை. சில வாரம் கழித்து ஃபோனில் பேசினார்.

"சந்தேகத்தைத் தீர்த்துட்டே போலிருக்கே. எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எது தடுத்தது என்று இப்போதும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. விமர்சகன் என்று பெயர் எடுத்தவனுக்குக் காது இல்லாமல் கை மட்டும் வேலை செய்தது என்று ஒப்புக்கொள்வது கஷ்டம்.

"கேட்டுப் பார்த்தேன் சார். அவரேதான்."

"அப்படியா. நீ கேட்டுச் சொன்னாச் சரி" என்றார். பிறகு வேறு ஏதோ பேசினோம். நாலு மாதத்தில் அவர் இறந்துபோனார்.

பாங்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத பணம் அங்கே போய் நிற்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார். ஆகவே தீர்த்துவிடவேண்டும் என்று எங்களுக்கு ஒரு அரிப்பு. ஆனால் வவுச்சர் இல்லாமல் அதைத் தீர்த்தால் அதன் பெயர் வேறு. நான் வவுச்சர் இல்லாமல் தீர்த்தேன். கேட்டபோது பொய் வவுச்சரும் கொடுத்தேன்.

கேள்விக்குறியைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றால் எதற்குப் போடுவது? அந்தப் பெயரில் இப்போது நாற்பத்தொரு ஃபைல் இருக்கிறது. எவற்றில் குறி இருந்தது என்பது ஐந்து பிரதியிலும் அழிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் போட்டால் அது சந்தேகம் ஆகாது, பயம். கேஸட்டுகளையும் அவர் வீட்டார் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே கேட்க ஆரம்பித்திருக்கிறேன். நாற்பத்தொன்றையும், ஒவ்வொன்றாக, ராத்திரியில். அவர் எதைக் கேட்டுத் தயங்கியிருப்பார் என்று கேட்கிறேன். மூன்றில் காரணம் தென்படுகிறது. ஒன்றில் சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கிறது. டேப் வேகமாக ஓடியிருக்கலாம், வேறு தொண்டையாகவும் இருக்கலாம். ஒன்றில் நிரவல் அந்தப் பாடகர் வழக்கமாக எடுக்கிற இடத்தில் எடுக்கப்படவில்லை. மூன்றாவதில் எதுவென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உறுத்துகிறது. இந்த மூன்றுக்கும் குறி போட்டிருக்கிறேன். இவை அவருடைய மூன்றுதானா என்பது வேறு விஷயம். இவை என் சந்தேகங்கள்.

மற்ற முப்பத்தெட்டில் பதினேழு இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது. மிச்சமிருக்கிற மூன்று நண்பர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் கேட்டார், பட்டியலில் அந்தப் பெயர் மறுபடி இரண்டாக வருகிறதே, பரவாயில்லையா என்று. பரவாயில்லை என்றேன்.