துவக்கு வந்த வருசம்

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது எங்களுக்குக் கிண்ணியாவில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. தெற்கே காட்டோரமாக வயலும் ஒரு பட்டி மாடும் இருந்தன. கடை ஆமியின் பக்கம், வயல் புலிகள் இயக்கத்தின் பக்கம். நடுவில் ஒரு காவலரணும் ஆளில்லாத ரோட்டும். நீங்கள் யார் பக்கம் என்று எங்களைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் இந்த நிலவரம் நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார்கள்.

அதற்கு முன்பும் எங்கள் ஊர் ஒரே மனதாக இருந்ததில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கில் முஸ்லிம் பொடியன்கள் பலர் தமிழ் இயக்கங்களுக்குப் போனார்கள். என் மாமி மகனும் போனான். தமிழ் பேசுகிறவனை இந்த அரசு எப்படி நடத்துகிறது என்பதை 1983 ஜூலையில் பார்த்தவன் அவன். அவனைத் தடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. 1985 ஏப்ரலில் கல்முனை, காரைதீவுப் பக்கம் தமிழரும் முஸ்லிம்களும் அடிபட்டபோது முதல் வெடிப்பு விழுந்தது. 1987இல் இலங்கை-இந்திய ஒப்பந்தம் வந்தது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம் ஆகின. 1981 கணக்கெடுப்புப்படி கிழக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காக இருந்த நாங்கள், இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கினோம். கையெழுத்துப் போட்ட இரண்டு நாடுகளும் எங்களைக் கேட்கவில்லை. விடுதலை கேட்டவர்களும் கேட்கவில்லை. 1988 நவம்பர் மாகாண சபைத் தேர்தலில் அஷ்ரபின் முஸ்லிம் காங்கிரஸுக்கு 17 ஆசனம் கிடைத்தது இந்த மனத்தாங்கலில்தான்.

பிறகு 1990 ஓகஸ்ட். 3ஆம் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேல் மௌத்து. ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அங்கும் நூற்றுக்கும் மேல். பெண்களும் பிள்ளைகளும் தப்பவில்லை. அரசு ஊர்காவல் படைக்குத் துவக்குத் தருகிறது என்ற செய்தி எங்களுக்கு அந்த நேரத்தில்தான் வந்தது. அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் கூடினோம். மஃரிபு பாங்கு சொல்லும்வரை பேச்சு முடியவில்லை.

மாட்டுக்காரப் பெரியவர் ஒருவர் எழும்பினார். "துவக்கை எடுத்தா ஊரைக் காக்கலாம். வயலுக்கு எப்படிப் போற? காட்டுக்குள்ள நிக்கிற மாட்டை ஆர் பாக்குற?"

"காத்தான்குடியில சுஜூதுல இருந்தவன்ட கையில என்ன இருந்திச்சி காக்கா?" என்று ஓர் இளந்தாரி திருப்பிக் கேட்டான். முற்றம் அடங்கிப்போனது. அதற்குமேல் பெரியவர் பேசவில்லை. அந்தக் கிழமையே பெயர் எழுதத் தொடங்கினார்கள்.

இருவர் சொன்னதும் சரி. ஊருக்குள் நாங்கள் உயிரோடு இருந்ததற்கு அந்தத் துவக்குகளுக்கும் பங்கு உண்டு. அதை மறைத்து எழுதமாட்டேன். ஆனால் பக்கத்து ஆலங்கேணித் தமிழனுக்கு எங்கள் கையிலுள்ள துவக்கு எப்படித் தெரியும் என்பதை, கொடுத்த அரசு யோசிக்காமல் இருந்திருக்காது. எல்லாம் யோசித்துத்தான் கொடுத்தது என்றே நம்புகிறேன். கிழக்கில் பல இடங்களில் அந்தத் துவக்குகள் ஊரைக் காப்பதோடு நிற்கவில்லை. தமிழ்க் கிராமங்கள் எரிந்ததில் முஸ்லிம் ஊர்காவலருக்கும் பங்கிருந்தது. எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னால் இன்றும் கோபம் வரும்.

மாமி மகன் திரும்பவில்லை. 1990க்குப் பிறகு புலிகள் இயக்கத்தில் முஸ்லிமுக்கு இடமில்லை. எங்களிலும் அவன் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. அவனுடைய தம்பி ஊர்காவல் படையில் சேர்ந்தான். இரவுக் காவலில் சுடுபட்டு மௌத்தானான். மாமிக்கு ஒரு மகனின் கபுறு ஊரில் இருக்கிறது, மற்றவனுக்கு அதுவும் இல்லை.

அப்போது பாலம் கிடையாது. திருகோணமலைக்குப் போக வேண்டுமென்றால் கிண்ணியாத் துறையில் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். பாதையடியில் சோதனை. ஐசியில் பெயரைப் பார்த்ததும் என்னைப் போகச் சொல்வார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஆலங்கேணி வாத்தியாரை ஓரமாக நிற்கவைத்து, பையைக் கொட்டி, பற்றரி இருக்கிறதா என்று கிண்டுவார்கள். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே தமிழ்ப் புத்தகத்தைப் படிப்பித்தவர்கள். காட்டுப் பக்கம் போனால் கதை மறுவளம். அவர் போவார், நான் நிற்பேன்.

எங்கள் வயலுக்கு வரம்புக்காரர் ஒரு தமிழர். வாப்பாவை நானா என்றுதான் கூப்பிடுவார். விறகுக்குப் போய் வருகிறவர்களிடம் அவர் சொல்லி அனுப்புவார்: "நானாவை இந்தக் கிழமை வர வேண்டாமெண்டு சொல்லுங்கோ." அந்தச் சொல்லில்தான் வாப்பா உயிர் தப்பினார். ஒரு பெரும்போகம் எங்கள் துண்டையும் தானே விதைத்து, பங்கு நெல்லை வண்டியில் அனுப்பிவிட்டார். முஸ்லிமுக்கு நெல் கொடுத்தாயா என்று அவரை அங்கே விசாரித்திருக்கிறார்கள். அவரிடமிருந்து ஏன் நெல் வந்தது என்று வாப்பாவை இங்கே விசாரித்தார்கள். அவருடைய மூத்த மகன் இயக்கத்தில் இருந்து செத்தான். பட்டி மாடுகள் புலிகளுக்கு வரியாகக் கொஞ்சம், கேள்வி கேட்பாரில்லாமல் மிச்சம் என்று போய் முடிந்தன.

போர்நிறுத்தம் வந்தபின், 2002 ஏப்ரல் 13இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கிளிநொச்சியில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். வரி நிற்கும், கிழக்கு முஸ்லிம்கள் தங்கள் வயலுக்குப் போகலாம் என்றார்கள். வாப்பா அந்தப் பத்திரிகையை மடித்துக் கடைப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த வருடமே மணிராசகுளத்தில் புலிகளின் முகாம் பிரச்சினையானது. அது அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு சொல்லியும் முகாம் எடுபடவில்லை. 2006இல் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள், சண்டை மறுபடி மூண்டது. ஓகஸ்ட்டில் மூதூர்ச் சனம் உடுத்த துணியோடு ஓடியது. அங்கே ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

2009இல் சண்டை முடிந்தது, அதே வருடம் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலமும் திறந்தார்கள். வயலுக்குப் போனோம். வரம்பு இருந்த இடத்தில் காடு வளர்ந்து, எல்லைக் கல்லும் நடப்பட்டிருந்தது. எங்கள் துண்டும் வரம்புக்காரரின் துண்டும் இப்போது அரச காடாம். அவர் பெயரிலும் வாப்பா பெயரிலும் பழைய பெர்மிட் உண்டு. வாப்பா மௌத்தாகிவிட்டார், விசாரணைக்கு நான் போகிறேன். வரம்புக்காரர் கைத்தடியோடு வருவார். உங்கள் வயல் அது என்பதற்கு நான் சாட்சி, எங்கள் வயல் அது என்பதற்கு நீங்கள் சாட்சி என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருபது வருடம் ஏன் விதைக்கவில்லை என்று கேட்கிறார்கள்.