தையல் மெஷின் பக்கத்தில் ஒரு பாய்

மகாமகம் பார்க்க கும்பகோணம் போற ஐடியா இருக்கா பாஸ்? அடுத்தது 2028-ல். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்பதால், 16 மண்டபம் சூழ்ந்த அந்தக் குளத்தைச் சுற்றி ஊரே விருந்தாளிகளால் நிரம்பிவிடும். லாட்ஜ் கிடைக்காது, நண்பன் வீடுதான் கதி!

2016 பிப்ரவரி 22 மகாமகத்துக்கு நாங்க நாலு பேர் அப்படித்தான் பக்கத்துக் கிராமத்தில் தங்கினோம். நண்பனின் அம்மா துணி தைக்கிற அறைதான் எங்க பெட்ரூம். மெஷினை ஓரமாகத் தள்ளி, ஊசி கிடக்கப் போகுதுன்னு ரெண்டு தடவை பெருக்கி, பாய் விரித்தார். நடுராத்திரி வரை அரட்டை, அப்புறம் குறட்டை.

மூணு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தால், அடுப்படி வெளிச்சத்தில் அம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெட்டிய துணிகள் தைக்காமலே கிடந்தன.

"மாசி முகூர்த்தம்ப்பா, காலைல கொடுக்கணும். மெஷினை ஓட்டினா நீங்க முழிச்சுக்குவீங்களே..."

சம்பா அறுவடை முடிந்தால் வயலில் வேலை குறைவு. டெல்டாவில் அந்த மெஷின்தான் பல வீடுகளுக்கு மளிகை, காலேஜ் ஃபீஸ் எல்லாமே.

நாலு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போனோம். உள்ளே மெஷின் தடதடக்க ஆரம்பித்தது.

நீங்க போனதும் முதல்ல கேளுங்க: "தைக்க வேண்டியது ஏதும் இருக்காம்மா?"