சுவர் இல்லாத இடத்தில் மாட்டுவது

ஓவியம் மாட்டுகிறவனுக்கு முதல் கணக்கு, தரையிலிருந்து 57 அங்குலம். ஓவியத்தின் நடுப்புள்ளி அந்த உயரத்தில் வந்தால் பெரும்பாலானவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கும் என்பது பல கேலரிகளில் பழகிப்போன அளவு. பின்புறக் கம்பி எவ்வளவு தொய்கிறது என்று இழுத்துப் பார்த்து, ஆணிக்குப் புள்ளி வைத்து, மாட்டியபின் ரசமட்டம் வைப்போம். பிறகு பத்தடி பின்னால் போய் வெறும் கண்ணால் பார்ப்போம். மட்டமும் கண்ணும் ஒத்துப்போகாவிட்டால் நான் கண்ணின் பக்கம். பழைய கட்டடங்களில் தரையே சரிந்திருக்கும். ரசமட்டம் சரி என்றாலும் ஓவியம் கோணலாகத்தான் தெரியும்.

சென்னையில் ஒரு பழைய கேலரியில் எனக்கு இந்த வேலை. 2020 மார்ச்சில் ஹாங்காங் கலைச் சந்தையை நடத்த முடியாமல் போன ஆர்ட் பாசல், இணையத்தில் காட்சி அறைகளைத் திறந்தது. ஊர் ஊராகக் கேலரிகள் அந்தப் பக்கம் திரும்பின; நாங்களும் திரும்பினோம். முதலில் அடிபட்டது அளவு. ஆறடி கேன்வாஸும் உள்ளங்கை அகல நீர்வண்ணமும் கைபேசியில் ஒரே உயரம். சென்டிமீட்டர் கணக்கைக் கீழே போட்டிருப்போம்தான், யார் படிக்கிறார்கள்? அதனால் ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டுக் கூடுதலாக ஒரு புகைப்படம் எடுக்கத் தொடங்கினோம். சுவரோரம் நாற்காலி கிடந்தாலே கத்துகிற நானே அதைத் தூக்கி வந்து போட்டேன்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். கத்தியால் எண்ணெய் வண்ணத்தைத் தடிப்பாக அப்பிய ஓவியத்தை, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து எடுத்தால் நிறம் ஒழுங்காக வரும், மேடு பள்ளம் செத்துப்போகும். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்தால் ஒவ்வொரு கீற்றும் தன் நிழலோடு எழுந்து நிற்கும், நிறம்தான் கெடும். நேரில் வருபவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து இந்த இரண்டையும் ஒரே நொடியில் பார்த்துவிடுவார். நாங்கள் இரண்டு புகைப்படங்களையும் அடுத்தடுத்துப் போடுகிறோம். வாங்குகிறவரின் திரை எந்தப் பளிச்சில் இருக்கிறதோ, அது எங்கள் கையில் இல்லை.

கேலரி சுவரை விட்டு வெளியே போகிறது என்று இப்போது பெரிய பேச்சு. ஆனால் தொடக்கமே வெளியேதான். மும்பையின் கெமோல்ட் கேலரி முதலில் கேலரியே அல்ல. கெகூ காந்தி 1941இல் தொடங்கிய, ஓவியங்களுக்குச் சட்டம் போடும் தொழில். ஹுசைன், ஆரா போன்ற அன்றைய இளைஞர்களின் ஓவியங்கள் அந்தச் சட்டக் கடையில்தான் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1963இல் ஜஹாங்கீர் கேலரியின் மாடியில் சொந்தக் காட்சிக்கூடம், 2007இல் பிரெஸ்காட் சாலைக்கு இடமாற்றம். இங்கே சென்னையில் 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் பாத்திக் துணி விற்ற காசில் கடலோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். சுவர் பிறகு வந்ததுதான்.

சென்னையின் கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் ஸ்டார்ட் இந்தியா அமைப்பின் முயற்சியில் வரைந்த பெருஞ்சுவர் ஓவியங்களைப் பார்க்கப் போனபோது, பழக்கதோஷத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி நடுச்சாலைக்கே போய்விட்டேன். ஷேர் ஆட்டோக்காரர் திட்டினார். சுவர் முழுக்க ஒரு முகம். அதன் கன்னத்தில் சன்னல், சன்னலில் காயும் துணி. அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு அந்த ஓவியத்தைப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதை வரைந்தவர்கள் அந்த இடத்துக்கென்றே வரைந்தார்கள். எங்கள் கிடங்கில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல.

காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும், அதற்கு மேல் கூடாது என்பது அருங்காட்சியக வழக்கம். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆகவே பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ வைக்க நகல்தான் போகும். நகல் என்று அட்டையில் எழுத வேண்டும், மூலத்தின் அளவிலேயே அச்சிட வேண்டும் என்பது என் பிடிவாதம். ‘தூரத்திலிருந்து எதுவும் தெரியாதே’ என்பார்கள். தெரிய வேண்டுமானால் கிட்டே வரட்டும். கிட்டே வரவைப்பதுதானே என் வேலை!

கலைஞர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஒருவர் தன் எட்டங்குல எச்சிங்கை இருபதடிக்குப் பெரிதாக்கித் தரச் சொன்னார். அது வேறு படைப்பு சார், வேறு பெயரும் தேதியும் போட்டுக்கொடுங்கள் என்றேன். போட்டார். விலையும் தனியாகவே போட்டார்.