வரி யார் தலையில்?

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

அன்புள்ள மாப்ளே,

உன் பையனுக்கு நியூ ஜெர்ஸியில் ஒரு வேலையும் டல்லாஸ் பக்கம் ஒரு வேலையும் வந்திருக்கிறது, எந்த ஊரில் கையில் காசு நிற்கும் என்று விசாரித்துச் சொல் என்று கேட்டிருந்தாய். விசாரித்தாயிற்று. மகள் வீடு நியூ ஜெர்ஸி எடிசனில், அண்ணன் மகன் வீடு டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில், இப்போது நான் தங்கியிருக்கும் நம் வகுப்புத் தோழன் வீடு இங்கே ஃப்ரீமாண்டில். மூன்று மாநிலத்து வீட்டுவரிச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நகராட்சியில் சர்வீஸ் முழுக்க வீட்டுவரி வசூல் பார்த்தவன் நீ. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் எடிசன். வரிச்சீட்டின் அடியில் கிழித்துக் கட்டுவதற்கு நான்கு துண்டுகள் இருக்கின்றன: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் முதல் தேதிக்கு ஒன்று. மேலே மாவட்டத்துக்கு இவ்வளவு, நகரத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நியூ ஜெர்ஸியில் ஒரு வீட்டின் சராசரி வரி 2024-இல் வருஷத்துக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. நம் பணத்தில் எட்டரை லட்சத்துக்கு மேல். நீ வரி போடும்போது ஆண்டு வாடகை மதிப்பை வைத்துப் போடுவாய். அங்கே வீட்டின் சந்தை மதிப்பே அடிப்படை. மதிப்பில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு டாலர் வருஷா வருஷம் போய்விடுகிறது. அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வீட்டுவரிகளில் இதுவும் ஒன்று.

ஏன் இவ்வளவு என்பதற்கு அந்தச் சீட்டே பதில் சொல்கிறது. பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. நம் ஊரில் வாத்தியார் சம்பளம் சென்னைக் கஜானாவிலிருந்து வருகிறது. அங்கே பெரும்பங்கு தெருக்காரர்களின் வீட்டிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பரப்புள்ள அந்த மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள், அறுநூறை ஒட்டிப் பள்ளி மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், தனி அதிகாரி. இணைத்துச் செலவைக் குறைக்கலாம் என்ற பேச்சு பல காலமாக இருக்கிறது. தன் ஊர்ப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்க்க யாரும் லேசில் சம்மதிப்பதில்லை.

உனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். பாக்கி வைத்தால் நீ குடிநீர் இணைப்பைத் துண்டிப்பாய். நியூ ஜெர்ஸியில் பாக்கியையே ஏலம் விடுகிறார்கள். முதலீட்டாளர் வந்து ஊராட்சிக்கு உரிய பணத்தைக் கட்டிவிட்டு, வீட்டுக்காரரிடமிருந்து வட்டியோடு வசூலிக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறார். ஏலம் 18 சதவீத வட்டியில் தொடங்கிக் கீழே இறங்கும். குறைந்த வட்டிக்குச் சம்மதிப்பவருக்கே அந்த உரிமை. கடைசிவரை கட்டாவிட்டால் வீட்டின்மேலேயே வழக்கு. மகள் வீட்டில் அந்தப் பயம் இல்லை. வரியை மாதாமாதம் வங்கியே தவணையோடு சேர்த்துப் பிடித்து, 'எஸ்க்ரோ' என்ற கணக்கில் வைத்திருந்து கட்டிவிடுகிறது. அதனால் தவணை எவ்வளவு என்று இங்கே யாரைக் கேட்டாலும், வரியும் இன்சூரன்ஸும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்.

வீட்டுவரி போக மாநில வருமான வரி வேறு. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒன்றரை லட்சம் டாலர் சம்பாதித்தால் மாநிலத்துக்குச் சுமார் 5,500 டாலர். ஆனால் மளிகைக்கும் துணிமணிக்கும் விற்பனை வரி கிடையாது. எடிசனில் ரயில் ஏறினால் நியூயார்க் போய்விடலாம் என்பதால் ஒரே காரில் குடும்பம் ஓடுகிறது. பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்ததும் வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போகிறவர்கள் நிறைய. பள்ளி முடிந்தது, வரி முடியவில்லை என்றால் வேறென்ன செய்வார்கள்? அவர்களைப் பிடித்து நிறுத்த, 65 வயது கடந்தவர்களின் வரியில் பாதிவரை, ஓர் உச்சவரம்புக்குள், திருப்பித் தருவதற்கு 2023-இல் சட்டமே போட்டார்கள்.

அடுத்து டெக்சாஸ். மாநில வருமான வரி ஒரு காசு கிடையாது. 2019-இல் அரசியல் சட்டத்திலேயே தடை எழுதிவிட்டார்கள். நியூ ஜெர்ஸியிலிருந்து ஃப்ரிஸ்கோ, பிளேனோ என்று நம்மவர்கள் மூட்டை கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். மிச்சமாகும் என்று நம்பி வந்தவனுக்கு ஏப்ரலில் ஓர் உறை வருகிறது. உன் வீட்டின் மதிப்பு இந்த வருஷம் இவ்வளவு என்ற நோட்டீஸ்.

அதற்கு ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவாக மே 15 வரை அவகாசம். அண்ணன் மகன் சாப்பாட்டு மேஜையில் ஃபோட்டோக்களைப் பரப்பி வைத்திருந்தான். எல்லாம் சுவர் விரிசல், கதவு நிலை சாய்ந்த இடம். ஃப்ரிஸ்கோ மண் நம் கோவில்பட்டிக் கரிசல் மாதிரி. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிறது. வெடித்தால் அஸ்திவாரம் ஆடுகிறது. அதனால் கோடையில் வீட்டைச் சுற்றித் துளைக் குழாய் போட்டு அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள்! தோட்டத்துக்கு இல்லை மாப்ளே, வீட்டுக்கு. விற்கும்போது பூச்சு பூசி மறைக்கிற விரிசலை வரிக்காலத்தில் டார்ச் அடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்களோடு அதிகாரியிடம் பேசி, ஒத்துவராவிட்டால் குடிமக்கள் அடங்கிய வாரியத்தின் முன் வாதாடலாம். இதையே தொழிலாகச் செய்து, குறைகிற வரியில் பங்கு வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. வீட்டை என்ன விலைக்கு வாங்கினோம் என்று அரசுக்குச் சொல்லும் கட்டாயமே டெக்சாஸில் இல்லை. கைடுலைன் மதிப்போடு மல்லுக்கட்டிய நமக்கு இது நம்பமுடியாத சங்கதி.

சொந்தமாகக் குடியிருப்பவருக்குச் சலுகை உண்டு. 'ஹோம்ஸ்டெட்' என்று பதிந்துகொண்டால் பள்ளி வரிக்கான மதிப்பில் 1,40,000 டாலரைக் கழித்துவிட்டே கணக்கிடுகிறார்கள். 2023-இல் ஒரு லட்சமாக இருந்ததை 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி உயர்த்தினார்கள். வரி போடும் மதிப்பும் வருஷத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறாது. 65 வயதானால் பள்ளி வரி அதே தொகையில் உறைந்துவிடும். வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. முதலாளி கட்டும் முழு வரியும் சுற்றிவளைத்து வாடகையில் வந்து நிற்கும். வரியே இல்லாத மாநிலம் என்று வந்து அபார்ட்மென்டில் குடியேறும் இளைஞனும் வீட்டுவரி கட்டுகிறான். சீட்டு மட்டும் அவன் பெயரில் வருவதில்லை.

புறநகர் தாண்டிப் புதிதாக முளைக்கும் குடியிருப்புகளில் இன்னொரு வரி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர்க் குழாய், சாக்கடை போட வாங்கிய கடனை அடைக்க அந்தப் பகுதிக்காரர்களிடம் மட்டும் பிடிப்பது. அதையும் சேர்த்தால் மொத்தம் இரண்டு சதவீதத்தைத் தாண்டி நியூ ஜெர்ஸியைத் தொடும். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து இன்சூரன்ஸ் பிரீமியம் அதிகம், கோடையில் ஏசி நிற்பதில்லை, வேலைக்குப் போகும் ஆளுக்கு ஒரு கார், நல்ல சாலைக்கெல்லாம் சுங்கம். கழித்துப் பார்த்தாலும் வீட்டு விலை மலிவு என்பதால் டெக்சாஸில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்கிறது. பையன் நினைக்கும் அளவுக்கு மிஞ்சாது.

இனி இந்த ஊர். 1978 ஜூனில் கலிஃபோர்னியா மக்கள் 'புரோபோசிஷன் 13' என்ற திட்டத்துக்கு வாக்களித்தார்கள். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் முன்நின்று கொண்டுவந்தது. அடிப்படை வரி ஒரு சதவீதம்தான்; வாங்கிய விலையே மதிப்பு; அது வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது; கைமாறினால்தான் புதுக் கணக்கு. விளைவு என்ன என்று கேள். தோழன் இந்த வீட்டை 1996-இல் மூன்று லட்சத்துக்கு வாங்கினான். இன்று அதன் வரி மதிப்பு ஐந்தரை லட்சத்தைத் தொடவில்லை. வரி ஆறாயிரம் டாலர் அளவில் நிற்கிறது. இதே அளவு வீட்டைப் பதினைந்து லட்சத்துக்கு இன்று வாங்குகிறவன் பதினாறாயிரத்துக்குக் குறையாமல் கட்டவேண்டும். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளி.

வாரன் பஃபெட் 2003-இல் இதைப் போட்டு உடைத்தார். நெப்ராஸ்காவில் அவருடைய ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு 14,000-க்கு மேல் வரி. கலிஃபோர்னியாவில் நாற்பது லட்சம் டாலர் வீட்டுக்கு 2,264. அவர் அப்போது கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்ற ஆர்னால்ட் ஸ்வார்ட்ஸ்நெகருக்கு ஆலோசகர். சட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை. பழைய வீட்டுக்காரர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள். வீட்டில் விட்டதை மாநிலம் வருமானத்தில் பிடிக்கிறது. மேல்தட்டு விகிதம் 13.3 சதவீதம்.

வேறு மாநிலங்களிலும் இதே கதைதான். நியூ ஹாம்ப்ஷயரில் விற்பனை வரியும் இல்லை, சம்பளத்துக்கு வரியும் இல்லை. வீட்டுவரி கழுத்தைப் பிடிக்கும். ஹவாயில் வீட்டுவரி விகிதம் நாட்டிலேயே குறைவு. எல்லாம் கப்பலில் வரவேண்டிய தீவு என்பதால் பால் வாங்கவே யோசிக்க வேண்டும்.

ஆக, பள்ளிக்கும் சாலைக்கும் போலீஸுக்கும் பணம் எல்லா ஊரிலும் வேண்டும். யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதில்தான் மாநிலங்கள் மாறுகின்றன. நியூ ஜெர்ஸியில், பிள்ளை படித்தாலும் படிக்காவிட்டாலும் வீடு வைத்திருப்பவர் தலையில். டெக்சாஸில் வாடகைக்காரர், புதுக் குடியிருப்புக்காரர் தலையில். கலிஃபோர்னியாவில், யார் கடைசியாக வந்தாரோ அவர் தலையில். நம் ஊரில் 2022-இல் சொத்துவரியை 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தியபோது எழுந்த கூச்சலிலும் எவ்வளவு என்ற கேள்விதான் ஓங்கியிருந்தது. யார் என்ற கேள்வி அமுங்கிப்போனது.

பையனுக்கு இதைச் சொல். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருந்து, அங்கேயே பத்துப் பதினைந்து வருஷம் தங்குவதானால், நியூ ஜெர்ஸியில் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. கல்யாணம் ஆகாத பையன், நல்ல சம்பளம், நாலைந்து வருஷம் சேமிக்க வேண்டும் என்றால் டெக்சாஸ். வாடகையைப் பேசி முடித்த பிறகு மிச்சத்தைக் கணக்குப் போடட்டும்.

எங்கே வாங்கினாலும் ஒரு விஷயத்தில் ஏமாறக்கூடாது. விற்பனை விளம்பரத்தில் காட்டும் வரி, விற்கிறவருடைய வரி. அவருக்கு 65 வயது சலுகை இருந்திருக்கலாம், உச்சவரம்பு இருந்திருக்கலாம், முப்பது வருஷத்துப் பழைய விலை இருந்திருக்கலாம். பெயர் மாறியதும் டெக்சாஸில் அடுத்த ஜனவரி முதல் புது மதிப்பு. இங்கே கலிஃபோர்னியாவில் வித்தியாசத்துக்குத் தனிச் சீட்டே வீடு தேடி வரும். சலுகை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, வாங்கும் விலைக்கு வரி எவ்வளவு என்று அவனே போட்டுப் பார்க்கட்டும். போட்ட கணக்கை உனக்கும் அனுப்பச் சொல். ஊரார் வீட்டுக்கெல்லாம் வரி போட்ட கை, சொந்தப் பிள்ளை வீட்டுக்கு ஒரு தடவை சரிபார்த்துக் கொடுக்கட்டுமே.

தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்