பணவீக்கம் சரிந்தால் விலை சரியுமா?

'பணவீக்கம் சரிவு'ன்னு தலைப்பைப் பார்த்ததும் விலைவாசி இறங்கிடுச்சுன்னு நினைக்கிறவங்க நிறைய பேர், மக்களே. இந்தியாவுல 2025 அக்டோபர் சில்லறைப் பணவீக்கம் வெறும் 0.25%. ஆனா 2024 அக்டோபர்ல அது 6.21%. கணக்கு போட்டா, 2023-ல 100 ரூபாயா இருந்த சாமான் 106.21 ஆகி, அப்புறம் 106.48 ஆச்சு. எங்க இறங்குச்சு? ஏறுற வேகம்தான் குறைஞ்சுது. உணவுப்பொருள் மட்டும் 10.87% ஏறி 5.02% இறங்கிச்சு, அப்பவும் 105 ரூபாய்க்கு மேலதான். (டிவி விவாதத்துல இதை யாராவது சொன்னா மொய் வைக்கலாம்.)

எங்கப்பா இந்தச் செய்தியை நம்பி, "டெபாசிட் வட்டியே போதும்டா, இனி மாசாமாசம் நீ அனுப்ப வேணாம்"னுட்டார். ரிட்டயர்மென்ட் பணம் மொத்தமும் பேங்க் டெபாசிட்லதான். அம்மா பேசலை, மளிகை பில்லை மட்டும் என் பக்கம் தள்ளினாங்க :-)

நான் பயந்தது வேற. பணவீக்கம் தணிஞ்சதும் ரிசர்வ் வங்கி 2025-ல ரெப்போ விகிதத்தை 6.5%-லேர்ந்து 5.25%-க்குக் கொண்டு வந்துச்சு. வீட்டுக்கடன் கட்டுற எனக்கு ஜாலி. அப்பாவுக்கு? பழைய டெபாசிட் முடிஞ்சு புதுப்பிக்கும்போது வட்டி குறையும், ஏறின விலை ஏறினபடியே நிக்கும். அதனால பணம் அனுப்பறதை நிறுத்தலை. அவரோட மூணு டெபாசிட்ல எது எப்ப முடியுதுன்னு எக்செல்ல போட்டு வச்சிருக்கேன்.