வெற்றுநிலம் அன்று

ஐதராபாத்திலிருந்து விகாராபாத் செல்லும் வழியில், வயல்களுக்கும் பாறைகளுக்கும் இடையே புல்வெளிகள் பல உள்ளன. பணியின் பொருட்டு இந்நகருக்கு வந்த என்னை, உடன் பணியாற்றும் தெலுங்கு ஆசிரியையும் உயிரியல் ஆசிரியரும் கோடை விடுமுறையின் இறுதியில் அங்கு அழைத்துச் சென்றனர். முதல் மழை பெய்து சில நாள்கள் ஆகியிருந்தன.

காய்ந்த புல்லின் அடியில் பசுந்தளிர் அரும்பியிருந்தது. ஈர மண்ணில் செம்பட்டுத் துணுக்குகளைப் போலத் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்தன. அவற்றுக்குத் தெலுங்கில் 'ஆருத்ர புருகு' என்று பெயர். ஆருத்ரா என்பது நம் திருவாதிரையே. கதிரவன் அந்நாள்மீனில் நிற்கும் மழைத்தொடக்கத்தில் தோன்றுவதால் அப்பெயர் பெற்றன.

சற்றுத் தொலைவில் ஒரு செடி பொன்னிறமாகப் பூத்திருந்தது.

"இது தங்கேடு, எங்கள் மாநில மலர். பதுகம்மா விழாவில் இதனை அடுக்கி வழிபடுவோம்" என்றார் தெலுங்கு ஆசிரியை.

"நாங்கள் ஆவாரை என்போம். கொங்கு நாட்டில் பொங்கலுக்கு வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் காப்புக் கட்டுவர்" என்றேன்.

அதன்பின் செடிதோறும் நின்றோம். எருக்கு ஜில்லேடு ஆயிற்று. நெருஞ்சி பல்லேரு ஆயிற்று. தும்பையோ தும்மி என்று ஏறக்குறைய அப்படியே நின்றது.

திடீரென ஒரு பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தியது. உயிரியல் ஆசிரியர் கைநீட்டி எங்களைத் தடுத்தார். இரண்டடி முன்னே, வெறுந்தரையில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக நான்கு முட்டைகள் கிடந்தன! ஆள் வருவதை அறிவிப்பதால் அப்பறவையை ஆட்காட்டி என்கிறோம். அது மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த தரையே அதன் இல்லம். ஓசையின்றி விலகி நடந்தோம்.

அப்புல்வெளியின் ஓரத்தில் வீட்டுமனைக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. நம் நாட்டில் இத்தகைய புல்வெளிகள் பல, அரசின் வரைபடங்களில் தரிசு என்றே குறிக்கப்பட்டுள்ளன. தரிசு என்றால் பயனற்றது என்று பொருள்கொள்கிறோம். பயனற்றதை அழிக்க எவரும் தயங்குவதில்லை. ஆனால் புல்லின் வேர்கள் மண்ணரிப்பைத் தடுக்கின்றன. மழைநீரை நிலத்துள் இறக்குகின்றன. ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல் தருகின்றன. மரமில்லாத இடமெல்லாம் உயிரில்லாத இடம் அன்று.

மாணவர்களே, வெளிமாநிலத்தில் வளரும் உங்களுக்கு ஒவ்வொரு செடியையும் இரு பெயரிட்டு அழைக்கும் வாய்ப்பு உண்டு. உங்கள் தெருவோரத்தில் பூத்திருக்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். அதன் தெலுங்குப் பெயரை அண்டை வீட்டாரிடமும், தமிழ்ப்பெயரை ஊரிலுள்ள பாட்டியிடமும் கேட்டு எழுதி வாருங்கள்.