இரண்டு நிமிடக் கூலி

மே மாதத்தில் ஏனாத்தூர்ப் பக்கம் கான்கிரீட் போடுகிறவர்கள் விடியும்போதே மிஷினை ஓட்டிவிடுவார்கள். நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் சித்தாள்களின் தலைத்துண்டு வேர்வையில் ஊறியிருந்தது. பட்டு நெசவாளர் ஒருவர் காஞ்சிபுரத்து வாடகை வீட்டை விட்டு இங்கே மனை வாங்கி, முன்கட்டில் குழித்தறி போடுகிற மாதிரி வீடு கட்டுகிறார். அன்றைக்குத் தறிக்கூடத்தின் தரைதான் வேலை. அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி நெசவு நின்றுபோவது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன துன்பம். அதனால் தரையையும் குழிச் சுவரையும் கான்கிரீட்டிலேயே போட்டு, கலவையில் பாலிபுரோப்பிலீன் இழை சேர்க்கும்படி பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மேஸ்திரி ஒரு பொட்டலத்தைக் கிழித்து என் கையில் கொட்டினார். வெள்ளை நிறம், 12 மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைப் போன்ற கனம்.

"இத்தப் போட்டா கம்பிய கொறைச்சுக்கலாமான்னு ஓனர் கேக்கறாரு. நீங்களே சொல்லுங்க சார்."

குறைக்க முடியாது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு இந்த இழை சுமார் 900 கிராம்தான் போகிறது, பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது காப்பாற்றுவது முதல் சில மணி நேரத்தை. மேற்பரப்பிலிருந்து ஈரம் வெயிலில் வேகமாகப் பறந்துபோக, இன்னும் இறுகாத கான்கிரீட் சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். பிற்பாடு மழைநீர் இறங்குவதும் கம்பி துருப்பிடிப்பதும் இந்த வழியில்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். பத்து வருட வீட்டில் சன்ஷேடு பெயர்ந்து விழுவதற்குக் காரணம் அது. இழைகள் அந்த முதல் வெடிப்பைக் குறுக்கே பிடித்துக்கொள்கின்றன. வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அறுந்த இழையைப் பக்கத்து இழை தாங்கற மாதிரி" என்றார். எனக்கு அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப நம்ம பட்டுக் கழிவையே போட்டா?" அதையும் அவர்தான் கேட்டார். பதிலும் அவரிடமே இருந்தது. பட்டின் பசையைப் போக்க சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சுகிற ஊர் இது. சோடா கொஞ்சம் கூடினாலும் பட்டு நொந்துபோகும் என்பது எந்தச் சாயப்பட்டறையிலும் தெரியும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரத்தின் காரத்தன்மை பி.எச். 12.5-க்கு மேல்; பட்டு அங்கே நிற்காது. சாதாரணக் கண்ணாடி இழையையே அந்தக் காரம் அரித்துவிடும் என்பதால்தான் சிர்கோனியா சேர்த்த தனி வகைக் கண்ணாடி இழையைச் செய்கிறார்கள். தேங்காய் நாரும் நாளடைவில் வலுவிழக்கும். பாலிபுரோப்பிலீனுக்கு அந்தக் கவலை இல்லை.

இனி மிஷினுக்கு வருவோம், அன்றைய பாடம் முழுக்க அங்கேதான் நடந்தது. புதிதாக வந்த பெண் ஒருத்தி பொட்டலத்தை அப்படியே டிரம்முக்குள் கவிழ்த்தாள். சற்று நேரத்தில் கலவை வெளியே வந்தபோது இழை உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. அந்த இடத்தில் சிமெண்டும் இல்லை, வலுவும் இல்லை. மூத்த சித்தாள், "உதிரி உதிரியாப் போடுடி" என்று பொட்டலத்தை வாங்கி, விரலால் பிரித்துப் பிரித்துச் சுழலும் டிரம்முக்குள் தூவினார். அதற்கு நேரம் பிடித்தது. தூவி முடித்த பிறகும் மிஷின் சுற்ற வேண்டியிருந்தது. கலவையைக் குறைந்தது 2 நிமிடம் சுற்ற வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456; இழை போட்டால் அதற்கு மேலும் வேண்டும்.

அடுத்த தொல்லை தண்ணீர். இழை சேர்ந்த கலவை பார்வைக்கு இறுக்கமாகத் தெரியும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று அளந்து வைத்திருந்தும், பாண்டு சுமக்கிறவர்களுக்குக் கலவை ஓடி வராததால், மிஷின் ஓட்டும் பையனின் கை பக்கெட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மேஸ்திரி அதட்டினார். அட்மிக்சர் ஊற்றினால் தண்ணீர் கூட்டாமலே இளகும் என்று பொறியாளர் சொல்லி, வாங்கியும் கொடுத்திருந்தார். இருந்தாலும் ஓரிரு கலவைக்கு அரை பக்கெட் உள்ளே போனதை நான் பார்த்தேன். இழையால் கிடைக்கும் நன்மையை அந்த அரை பக்கெட் சத்தமில்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஏனாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு, 1993-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி விசுவ மகாவித்யாலயாதான் நினைவுக்கு வரும். சிவில் படிக்கும் பிள்ளைகள் கியூப் வார்த்து உடைத்துப் பழகுகிற ஊர். ஆனால் நான் இந்தத் தரையின் கியூபுகளைப் பின்தொடர்ந்து போனது ஒரு தனியார் சோதனைக்கூடத்துக்கு. 150 மில்லிமீட்டர் கனசதுரம், 28 நாள் தண்ணீரில் ஊறியது. எம்25 கான்கிரீட் என்றால் அந்தக் கட்டி சுமார் 57 டன் தாங்கியாக வேண்டும். தாங்கியது. இழை போட்டதற்கும் போடாததற்கும் எண்ணில் பெரிய வித்தியாசமில்லை. அங்கே வேலை பார்ப்பவர் சிரித்தார்: "நம்பரைப் பாக்காதீங்க சார், சத்தத்தைக் கேளுங்க." இழை இல்லாத கியூப் வெடித்து மூலை தெறித்தது. இழைக் கியூப் விரிசல் விட்டது, சிதறவில்லை. பிறகு, வேறொரு வேலைக்காக எஃகு இழை கலந்து வார்த்திருந்த ஒரு நீளக்கட்டியை வளைத்துக் காட்டினார். சாதாரணக் கட்டி 'டக்'கென்று இரண்டாகும். வளைவில் எம்25 தாங்குவது சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் அளவுதான். எஃகு இழைக் கட்டியில் விரிசல் திறந்தது, கொக்கி முனை இழைகள் முரமுரவென்று உருவிக்கொண்டு வந்தன, கட்டி மட்டும் பிரிய மறுத்தது. 1963-இல் ரோமுவால்டியும் பேட்சனும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் எஃகு இழையைக் கவனிக்க ஆரம்பித்ததற்கு இந்த மறுப்புதான் காரணம். சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் எஃகு இழையில் பாதாளச் சாக்கடை மூடி செய்து காட்டியதும் இதை நம்பித்தான். லாரிச் சக்கரம் ஏறுகிற இடத்துக்கு உடையாத பொருளைவிட, உடைந்தும் விழாத பொருள் முக்கியம். என்ன, எஃகு இழையைக் கையுறை இல்லாமல் அள்ளினால் விரல் கிழியும். சித்தாள்களுக்குக் கையுறை வாங்கித் தந்த வேலையிடங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கான்கிரீட்டில் சேர்க்கும் நானோ சிலிகா பற்றியும் சோதனைக்கூடத்துக்காரரிடம் பேச்சு வந்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். இறுகிய பசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது. வலுவுக்கு அதனால் பெரிய லாபமில்லை. நுண்ணிய சிலிகா அதோடு வினைபுரிந்து மேலும் பிணைப்புப் பசையாக்கி, துளைகளை அடைக்கிறது. நீரும் உப்பும் உள்ளே நுழைவது கடினமாகிறது. சிமெண்ட் எடையில் 1 முதல் 3 சதவீதம் போட்டால் போதும். கேட்க எளிது. ஆனால் 1 கிராம் நானோ சிலிகாவின் மேற்பரப்பு 200 சதுர மீட்டர் வரை போகும், கிட்டத்தட்ட ஒரு கிரவுண்ட் மனை. அத்தனை பரப்பும் தண்ணீரைக் கேட்கும். தூள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆய்வகத்தில் ஒலி அலை பாய்ச்சி அதைப் பிரிப்பார்கள். தறிக்கூடத்துத் தரைக்கு அந்தக் கருவியை யார் கொண்டுவருவது? மூச்சில் போகாமலிருக்க முகமூடி யார் தருவது? வீடு கட்டுகிறவர்களுக்கு என் யோசனை, சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டே போதும் என்பதுதான். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. அந்தச் சாம்பலில் உள்ள சிலிகாவும் மெதுவாக இதே வேலையைத்தான் செய்கிறது. பொறுமையாகத் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், அவ்வளவே.

காஞ்சிபுரத்தில் கட்டடம் பற்றிப் பேசினால் யாராவது கைலாசநாதர் கோயிலையும் கடுக்காய்ச் சுண்ணாம்பையும் இழுக்காமல் விடமாட்டார்கள். கடுக்காய்க்கும் கருப்பட்டிக்கும் கிடைக்கும் புகழில், சுண்ணாம்பைப் புளிக்கவைத்துச் செக்கில் நாள்கணக்கில் அரைத்தவர்களுக்கு ஒரு பங்கும் வருவதில்லை.

குழிச் சுவர் போடுவதற்கு முந்தைய மாலை, மேஸ்திரி கணக்கைத் திறந்தார். அவர் ஒப்பந்தம் கன அடிக்கு இவ்வளவு என்று. "ஒரு கலவைக்கு ரெண்டு நிமிஷம் கூடுது. நாப்பது கலவைன்னா ஒண்ணேகால் மணி நேரத்துக்கும் மேல. எனக்கு அதே ரேட்டு. வேகமா முடிக்கணும்னா பையன் தண்ணி ஊத்தத்தான் செய்வான்." ஆய்வுக் கட்டுரைகளில் இழையின் கிலோ விலை இருக்கும், அட்மிக்சரின் லிட்டர் விலை இருக்கும். இந்த ஒண்ணேகால் மணி நேரத்துக்கு நான் படித்த எதிலும் விலை போட்டிருக்கவில்லை.

வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே, "கோர்வைச் சேலைக்கு ப்ளெயின் சேலைக் கூலி குடுத்தா நான் நெய்வனா?" என்று சொல்லிக்கொண்டு, சுவருக்கும் மேல் தளத்துக்கும் தனி ரேட்டுக்கு ஒத்துக்கொண்டார். மேஸ்திரி தலையாட்டினார்.

மூத்த சித்தாள் பாண்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "எங்களுக்கும் சேத்துத்தான மேஸ்திரி?"

"சேத்துத்தாம்மா."

"தலைக்கு எவ்ளோன்னு இப்பவே சொல்லிடுங்க. அவரு இருக்கும்போதே."